சனிக்கிழமை போக்கர் கூட்டாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு,

ஆறு வருடமாக என் வீட்டு மாடி அறையில் ஆடுகிறோம். 100 ரூபாய்க்கு சிப்ஸ் (காசுக்குப் பதில் வைக்கும் வில்லைகள்), பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயம் வைக்கும் தொகை) ஒன்று-இரண்டு, நடுவில் பரோட்டா, 11.30 மணிக்குக் கடைசிக் கை. தோற்றவனும் சிரித்துக்கொண்டேதான் வண்டியை எடுப்பான்.

2025 ஆகஸ்டில் ஆன்லைன் காசு ஆட்டங்களை நாடாளுமன்றம் தடை செய்ததும் செயலியில் ஆடிக்கொண்டிருந்த நம் ஆட்கள் ஒழுங்காக மேசைக்குத் திரும்பினார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான், ஆனால் அங்கே ஆடிய தொகையும் கூடவே வந்துவிட்டது. 100 ரூபாய் 500 ஆகி, அப்புறம் 2,000 ஆனது. கையில் இல்லாதவனுக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சிப்ஸ் கொடுத்தோம். நானும்தான் சரி என்றேன்.

போன மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நம் கூட்டாளி ஒருவன் கையில் இரண்டு ஏஸ். 221 கைக்கு ஒரு முறைதான் சராசரியாக அது வரும். ஃப்ளாப்புக்கு (மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) முன்பே ஆல்-இன் போட்டான், இருந்த சிப்ஸ் அத்தனையும் வைத்துவிட்டான், கையில் இரண்டு ஒன்பதோடு நான் கால் செய்து ஈடுகட்டினேன். ஐந்தில் நான்கு முறை அவன்தான் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். கடைசிச் சீட்டான ரிவரில் கிளாவர் ஒன்பது விழுந்தது, மூன்று ஒன்பதோடு நான் ஜெயித்தேன். அவன் ஆடியதில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் விட்டதைப் பிடிக்கலாம் என்று மூன்று முறை கடனில் ரீபை (மறுபடியும் சிப்ஸ் வாங்குவது) எடுத்தான், நாமும் யோசிக்காமல் எழுதினோம். 6,000 ரூபாய். அதற்கப்புறம் அவன் வரவே இல்லை, போனும் எடுப்பதில்லை.

செயலியில் எதிரே இருந்தவன் யாரென்று தெரியாது. இங்கே தெரியும். வீட்டு ஆட்டத்தில் கமிஷன் எடுக்க யாரும் இல்லை, அவன் விட்ட ஒவ்வொரு ரூபாயும் நம்மில் ஒருவர் பையில்தான் இருக்கிறது. அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் கட்டும் மாதம் அது என்பதும் நமக்குத் தெரிந்திருந்தது.

அதனால் கேட்கிறேன்: மறுபடியும் 100 ரூபாய்க்கே போவோம். ரீபை ஒரே ஒரு முறை, அதுவும் கைக்காசில் மட்டும். கடன் நோட்டு வேண்டவே வேண்டாம். தொகை பெரிதாக இருந்தால்தான் பிளஃபுக்கு (மோசமான சீட்டை நல்லதுபோல் காட்டி மிரட்டுவதற்கு) மதிப்பு என்று ஒருவர் சொன்னார், எனக்கு அதில் உடன்பாடில்லை. 100 ரூபாய் நாட்களில் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்போம்!

அந்த 6,000-இல் எனக்கு வரவேண்டியது 3,500. அதை நோட்டிலிருந்து அடித்துவிட்டேன். மீதி 2,500 யாருக்கென்று அந்த இருவருக்கும் தெரியும், நீங்களும் அடித்துவிட்டால் வரும் ஞாயிறு காலை மூவரும் சேர்ந்தே அவன் வீட்டுக்குப் போகலாம்.