மாட்டு ஊசியும் வீட்டு நாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்குமுன் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களில் ஆடு மாடுகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். போத்தலில் மிச்சமிருந்தால் வீட்டு நாய்க்கும் ஒரு ஊசி, பூனை சோர்ந்து படுத்தால் பனடோலில் கால் துண்டு என்று போய்விடுகிறது. கேட்டால், "எடைக்கு ஏற்றபடி குறைத்துத்தானே கொடுக்கிறோம்" என்பார்கள். அந்தக் கணக்கு பிழைக்கும் இடங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடை. கண்ணால் பார்த்து மாட்டை நிறுக்க முடியாது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சைச் சுற்றி நாடாவால் அளந்து, அந்தச் சென்ரிமீற்றரை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 140, நீளம் 115 என்றால் ஏறக்குறைய 208 கிலோ. ஒரு சதவீத ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து 50 கிலோவுக்கு 1 மி.லீ. வீதம் தோலுக்கடியில் போடப்படுவது; இந்த மாட்டுக்கு 4.2 மி.லீ. போதும். பால் கறக்கும் மாட்டுக்கு அது ஆகாது.

அதே போத்தல் 3 கிலோ நாய்க்குட்டிக்கு வரும்போது, அதே வீதத்தில் கணக்குப் போட்டாலும் 0.06 மி.லீ. தான். 5 மி.லீ. சிரிஞ்சில் ஒரு கோடே 0.2 மி.லீ. "ஒரே ஒரு கோடு" போட்டவர் மூன்று மடங்குக்கு மேல் போட்டுவிட்டார். கோலி இன நாய்கள் பலவற்றில் மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் புரதம் பழுதுபட்டிருக்கும். அவற்றுக்குக் கிலோவுக்கு 0.2 மி.கி. என்று சரியாக அளந்த இதே வீதமே ஆபத்து.

அளவு சிரிஞ்ச் இருந்தாலும் வேறொரு சிக்கல் உண்டு. உடம்பு பெருகும் வேகத்தில் அது சக்தியை எரிக்கும் வேகம் பெருகுவதில்லை. 3 கிலோ பூனையைவிட 3,000 கிலோ யானை ஆயிரம் மடங்கு பாரம்; எரிக்கும் சக்தியோ சுமார் 178 மடங்குதான். 1962இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் ஒரு யானைக்கு எல்.எஸ்.டி. என்ற, மாயத்தோற்றம் காட்டும் போதைமருந்தை 297 மி.கி. ஏற்றினார்கள். பூனைக்குக் கொடுத்த கிலோவுக்கு 0.1 மி.கி. வீதத்தை அப்படியே பெருக்கிய அளவு அது. சில நிமிடங்களில் விழுந்த யானை இரண்டு மணித்தியாலத்துக்குள் செத்தது. காப்பாற்ற ஏற்றிய மற்ற மருந்துகளும் சாவுக்குக் காரணமாயிருக்கலாம் என்ற வாதம் உண்டு. ஆனால் எரிசக்திக் கணக்குப்படி பார்த்தால் அந்த 297 சுமார் 53ஆகச் சுருங்கியிருக்கும்.

இனம் மாறினால் இந்தக் கணக்கும் கைகொடுக்காது. மயக்க மருந்தான சைலசின், குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்திலொரு பங்கு போதும், அதே பாரமுள்ள மாடு படுத்துவிடும். ஆடுகளில் கதை வேறு: லெவமிசோல் என்ற பூச்சி மருந்தைச் செம்மறிக்குக் கிலோவுக்கு 8 மி.கி. கொடுத்தால் வெள்ளாட்டுக்கு 12 வேண்டும், ஏனெனில் வெள்ளாட்டின் ஈரல் அதை விரைவாகக் கழித்துவிடும். குறைத்துக் கொடுத்தால் பலவீனமான புழுக்கள் மட்டும் செத்து, மருந்துக்கு அசையாதவை பெருகும். கூட்டினால் வாயில் நுரை, நடுக்கம். பூனைக்குப் பனடோல் எந்த அளவிலும் வேண்டாம். அதிலுள்ள பரசிற்றமோலைக் கழிக்கும் நொதியம் பூனையின் ஈரலில் போதியதாக இல்லை. இரத்தம் கபில நிறமாகி, முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறும். முழுக் குளிசை ஒன்றே உயிரை எடுக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் கிலோக் கணக்கு சரிதான், பிழைப்பது போத்தலில். 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. பரசிற்றமோல். 5 மி.லீ. பாணியில் 120 மி.கி. இருந்தால் 7.5 மி.லீ. 250 மி.கி. உள்ள பாணியில் அதே 7.5 மி.லீ. ஊற்றினால் 375 மி.கி. உள்ளே போகும், இரட்டிப்புக்கும் மேல். நாலு வேளையும் அப்படிப் போனால் ஈரலுக்குப் பாரம். சமையலறைக் கரண்டியை அளவாக வைக்க முடியாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

நம் ஊர் மருந்துக்கடைக்காரர்களிடம் ஒரு கேள்வி: போத்தலில் "ஒன்றரைக் கரண்டி" என்று எழுதுவதற்குப் பதிலாக எத்தனை மி.கி., எத்தனை மி.லீ. என்று எழுதி, கூடவே ஒரு அளவு சிரிஞ்சும் கொடுக்கலாமே?

கால்நடை வைத்தியர் ஒருவர்,
திருகோணமலை.