ஸ்லோ குக்கரில் மாட்டிறைச்சிக் கறி

மடு

அன்பு மகனுக்கு,

இறைச்சி அவிஞ்சிட்டுது, ஆனா குழம்பு தண்ணியாய்க் கிடக்குது, தூள் பச்சையாய் மணக்குது எண்டு சொன்னாய். சட்டியில பிழையில்லை, அப்பன். ஸ்லோ குக்கர் எண்டது ஆறுதலாய் அவிக்கிற மின்சாரச் சட்டி. அது வதக்காது, தண்ணியை வத்தவும் விடாது. அந்த ரெண்டு வேலையையும் நீதான் அடுப்பில தாச்சியை வைச்சுச் செய்யவேணும்.

முதல்ல இறைச்சி. மெல்லிசான, கொழுப்பில்லாத துண்டைத் தேடி வாங்காதை. தோள்பட்டை இல்லாட்டி கீழ்க்கால் இறைச்சி ஒரு கிலோ வாங்கு. அதுக்குள்ள ஓடுற வெள்ளைச் சவ்வு 70 பாகைக்கு மேல மணிக்கணக்காய்க் கிடந்தால்தான் உருகிக் குழம்பைப் பசைப்பிடிப்பாக்கும். சவ்வு குறைஞ்ச இறைச்சி அவ்வளவு நேரம் கிடந்தா நார்நாராய் உலர்ந்துபோகும். துண்டு ரெண்டு விரல் மொத்தத்தில இருக்கட்டும். உறைஞ்ச இறைச்சியை அப்பிடியே சட்டியில போடாதை, சூடு ஏற முந்தியே பழுதாகும். முதல்நாள் இரவே பிறிட்ஜின்ர கீழ்த்தட்டில வைச்சு இளகவிடு.

காலமை அரை மணித்தியாலம் ஒதுக்கு. இறைச்சியை ஈரம் துடைச்சு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் பிரட்டி, காய்ஞ்ச தாச்சியில ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு ரெண்டு மூண்டு தரமாய்ச் சிவக்க விடு. ஒரேயடியாய்க் கொட்டினா தண்ணி விட்டு அவியுமே ஒழியச் சிவக்காது. அதை எடுத்திட்டு, அதே தாச்சியில ரெண்டு பெரிய வெங்காயம், எட்டுப் பல்லு உள்ளி, பெருவிரலளவு இஞ்சி, கறிவேப்பிலை, றம்பை இலைத் துண்டு போட்டு வதக்கு. வெங்காயம் பொன்னிறமாய் வந்ததும் நெருப்பைக் குறைச்சு, நான் அனுப்பின வறுத்த கறித்தூள் ரெண்டு மேசைக்கரண்டியும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் போட்டு ஒரு நிமிசம் பிரட்டு. எண்ணெயில பிரளாத தூள் எட்டு மணித்தியாலம் அவிஞ்சாலும் பச்சை மணம் விடாது. பிறகு முக்கால் கப் தண்ணி விட்டு அடியில பிடிச்சதைச் சுரண்டிச் சட்டியில ஊத்து. முக்கால் கப்புக்கு மேல வேண்டாம். இறைச்சியே தண்ணி விடும், மூடிக்குள்ளால ஆவி வெளியேறாது.

உருளைக்கிழங்கு மூண்டைப் பெரிசாய் வெட்டி அடியில போடு. இந்தச் சட்டியில கிழங்கு இறைச்சியை விடப் பிந்தித்தான் அவியும். மேல இறைச்சி, ரெண்டு அங்குலக் கறுவா, மூண்டு ஏலக்காய். கராம்பு ஒண்டு காணும். நேரம் போகப் போக அதின்ர காரம் ஏறி மற்ற மணத்தை எல்லாம் அமுக்கிப்போடும். சட்டி பாதிக்கு மேல, முக்காலுக்குக் கீழ நிரம்பியிருந்தா சரி.

குறைஞ்ச சூட்டில எட்டு மணித்தியாலம். அவசரமெண்டா கூடின சூட்டில நாலரை, ஆனா குறைஞ்ச சூடுதான் இறைச்சிக்கு நல்லது. இங்க பாலை விறகுத் தணலில மண்சட்டி கிடக்கிற மாதிரி. மூடியைத் திறந்து திறந்து பாராதை, ஒவ்வொரு தரமும் இருபது நிமிசமாவது பின்னுக்குப் போகும். ஆறு மணித்தியாலத்தில குத்திப் பார்க்க இறுக்கமாய் இருந்தா, அளவுக்கு மிஞ்சி அவிஞ்சுபோச்செண்டு நினைச்சு நிப்பாட்டிப்போடாதை. சவ்வு இன்னும் உருகேல்லை, அவ்வளவுதான்.

கடைசி அரை மணித்தியாலத்தில அரைக் கப் கட்டித் தேங்காய்ப்பால். முதலே விட்டா திரைஞ்சுபோகும். குழம்பு தண்ணியாய் இருந்தா, பால் விடமுந்தி குழம்பை மட்டும் தாச்சியில ஊத்திப் பத்து நிமிசம் கொதிக்கவிட்டு வத்தவை. தேசிக்காய்ப்புளியைக் கறி இறக்கின பிறகு விடு. உப்பும் அப்பதான் பார்க்கவேணும்.

பாணோட சாப்பிடலாம், ஆனா பிட்டுத்தான் இந்தக் குழம்புக்குப் பொருத்தம். மிஞ்சினதை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சின்னப் பாத்திரங்களில பிரிச்சுப் பிறிட்ஜில வை. அடுத்தநாள் அடுப்பில கொதிக்கச் சூடாக்கு, ஸ்லோ குக்கரில சூடாக்காதை; அது ஆறுதலாய்ச் சூடேறுறதுக்குள்ள கறி பழுதாகும். பிறிட்ஜில இருந்த உள்சட்டியையும் உடன சூட்டில வைக்காதை, வெடிக்கும்.

தூள் முடிய ஒரு கிழமைக்கு முந்திச் சொல்லு. இடிச்சு அனுப்புறன்.

அம்மா