கரையைக் காக்கும் பணத்துக்காகக் கோயில் கூடத்திலும் பேசலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவநிலை நிதியில் கைவைக்காதீர்கள் என்று அமெரிக்காவில் சமயக் குழுவினர் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேடிப்போய்க் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. வளரும் நாடுகளுக்கு உதவும் பசுமைப் பருவநிலை நிதிக்குத் தருவதாகச் சொன்னதில் 400 கோடி டாலரை அந்நாடு 2025-ல் இல்லையென்று சொல்லிவிட்டது.

இங்கே சிங்கப்பூரில் அந்தப் பாணி சரிவராது. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. சமயமும் அரசியலும் கலப்பதை நானும் விரும்பமாட்டேன். அதற்காக வாயே திறக்கக்கூடாதா?

நான் மரின் பரேட்வாசி. எங்கள் புளோக் நிற்பதே கடலைத் தூர்த்த நிலத்தில். கரையோர, வெள்ளப் பாதுகாப்பு நிதிக்கு 2020-ல் 500 கோடி வெள்ளி, 2025-ல் மேலும் 500 கோடி ஒதுக்கினார்கள். நல்லது. ஆனால் நூறாண்டில் 10,000 கோடி வெள்ளிகூட ஆகலாம் என்று 2019-ல் அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங் சொல்லியிருக்கிறார்.

கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு வரிசையில் நடந்தால் காதில் விழுவது வேறு, கரியமில வாயு வெளியேற்றத்துக்கான வரியைப் பற்றி: "கரிம வரி டன்னுக்கு 45 வெள்ளியாமே, கரண்டு பில் ஏறுமா?" நியாயமான கவலைதான். கரையைக் காக்கப் பணம் கேட்கும்போது அதையும் சேர்த்தே அரசிடம் சொல்லலாமே.

வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் அரசின் கருத்துத் திரட்டும் பிரிவான ரீச் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. கோயில் பெயரெல்லாம் வேண்டாம், குடியிருப்பாளராகவே எழுதலாம். சாப்பாடு முடிந்ததும் இளையர் இருவர் கைப்பேசியோடு உட்கார்ந்து பெரியவர்களுக்கு உதவட்டும். கோயில் நிர்வாகங்கள் இதற்கு ஒரு மேசை போட்டுத் தந்தால் போதும்.

வாசகர்,
மரின் பரேட்