நகர வளர்ச்சியைப் பரப்பளவாலும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களின் வளர்ச்சி பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. ஒரு நகரம் எவ்வளவு நிலத்தை விழுங்கி வளர்ந்தது, அங்கே குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் வீடுகளுக்கு முன்பு வந்தனவா, பின்பு வந்தனவா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

பழைய நகரங்களின் எல்லையை மதில் வகுத்ததாகச் சொல்வார்கள்; அதைவிட மனிதரின் கால்களே வகுத்தன என்பது என் கருத்து. உச்ச காலத்தில் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடும் ரோம் நகரைச் சுற்றி, மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட மதிலின் நீளம் சுமார் 19 கிலோமீட்டர்தான். நடந்தே வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், மக்கள் நெருங்கி, மாடி மேல் மாடியாக வாழ்ந்தார்கள்.

ரயில் வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. 1801இல் 10 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்த லண்டனின் மக்கள்தொகை, 1901இல் புறநகர்களையும் சேர்த்து 65 லட்சத்தை எட்டியது. ஆனால் வீடுகள் பெருகிய வேகத்தில் வடிகால்கள் வரவில்லை. 1854இல் அங்கே பிராட் தெருவில், ஒரு வீட்டின் கழிவுக்குழி கசிந்து பொதுக் கிணற்றில் கலந்ததால் பரவிய காலராவுக்கு 600க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் பெருங்கழிவுநீர்க் கால்வாய்த் திட்டத்துக்கு வழி பிறந்தது.

இத்தனைக்கும் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே மொகஞ்சதாரோவில் தெருவோரமாகச் செங்கல் வடிகால்கள் அமைந்திருந்தன. அவற்றின் மேல்மூடியைத் தூக்கித் தூர்வாரிவிட்டு மீண்டும் மூடிவிடலாம். வண்டல் தங்குவதற்கு இடையிடையே குழிகளும் இருந்தன. அடைப்பு வரும், அதை யாரோ ஒருவர் குனிந்து எடுக்க வேண்டும் என்பதைக் கட்டும்போதே நினைத்துப் பார்த்த அந்தக் கவனம் என்னை வியக்க வைக்கிறது.

ரயில் நகரம் தண்டவாளத்தை ஒட்டி நீண்டது. கார் நகரமோ எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. நகரத்தின் ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். வீடுகள் விலக விலக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவைப்படும் சாலை, குழாய், மின்கம்பி ஆகியவற்றின் நீளம் கூடுகிறது. அந்தச் செலவு எல்லோர் தலையிலும் விழுகிறது.

முன்கூட்டித் திட்டமிடுவது நடக்காத காரியம் அன்று. மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டியே இருந்த 1811இலேயே நியூயார்க் நகரம், வெறும் வயலாகக் கிடந்த நிலத்தில் 155ஆம் தெரு வரை வரைபடம் வகுத்துவிட்டது. அப்படிப்பட்ட நகரத்துக்குக்கூட க்ரோட்டன் ஆற்று நீர், 1832ஆம் ஆண்டுக் காலராவுக்குப் பிறகு, 1842இல்தான் வந்து சேர்ந்தது.

1950இல் உலக மக்களில் பத்தில் மூவர் நகரவாசிகள். இன்று பாதிக்கும் மேல். 2050க்குள் மூன்றில் இரு பங்கினர் நகரங்களில் இருப்பார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை கணிக்கிறது. எனவே, நகர வளர்ச்சி பற்றிய செய்திகளில் மக்கள்தொகையோடு நகரின் பரப்பளவு, வடிகால் இணைப்புப் பெற்ற வீடுகளின் விகிதம் ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்