வக்கீலுக்குப் பணம் கொடுப்பவர் யார்? அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தில் நெறிமுறை விதிகளை வகுப்பவர்களுக்கு வணக்கம்.

நான் வக்கீல் இல்லை. நியூ ஜெர்சியில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் எத்தனையோ நிறுவனங்களின் சர்வர் அறைச் சாவி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது. முதலாளி ஒருவர்மீது வழக்கு வந்தால், சம்மன் அவர்களைத் தேடியும் வரும். அப்போது அவர்களுடைய வக்கீலுக்கு அந்த முதலாளியே பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த மடல்.

பதவியை விட்டு இறங்கிய டிரம்ப், அரசின் ரகசிய ஆவணங்களை ஃபுளோரிடாவில் உள்ள தன் மாரலாகோ மாளிகையில் வைத்திருந்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கின் குற்றப்பத்திரிகையில் 'டிரம்ப் ஊழியர் 4' என்று ஒருவர் வருகிறார். அங்கே ஐடி பிரிவுக்குத் தலைவர். 2022 ஜூன் கடைசியில், கண்காணிப்புக் கேமரா பதிவுகளைக் கேட்டு சம்மன் வந்த மூன்றாம் நாள், அங்குள்ள பராமரிப்பு மேலாளர் அவரை ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போய், சர்வரை அழிக்கச் சொல்லி 'பாஸ்' கேட்கிறார் என்று சொன்னதாக அரசுத் தரப்பு எழுதியிருந்தது. பதிவுகள் எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்விக்குச் சுமார் 45 நாள் என்றாராம் ஊழியர். அழிக்க எனக்குத் தெரியாது, அதற்கான அனுமதியும் எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்றும் சொன்னாராம். இந்த இடத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2023 மார்ச்சில் கிராண்ட் ஜூரி முன்னால், அதாவது வழக்குப் போடலாமா என்று ரகசியமாக விசாரித்து முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவின் முன்னால், அந்த ஊழியர், அந்தப் பதிவுகளைப் பற்றி யாரும் தன்னிடம் பேசியதாக நினைவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது அவருக்கு இருந்த வக்கீலின் கட்டணம் டிரம்பின் 'சேவ் அமெரிக்கா' என்ற அரசியல் நிதிக்குழுவிலிருந்து வந்தது. அதே வக்கீல்தான் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட டிரம்ப் உதவியாளர் ஒருவருக்கும் ஆஜரானார். இந்த நலன் முரண்பாட்டை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் எழுப்பியது. வாஷிங்டன் ஃபெடரல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க், அரசு செலவில் ஒரு பொது வக்கீல் அந்த ஊழியருக்கு ஆலோசனை சொல்ல ஏற்பாடு செய்தார். ஜூலை 5ஆம் தேதி, பழைய வக்கீல் வேண்டாம் என்றார் ஊழியர். உடனே முந்தைய சாட்சியத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜூலை 27ஆம் தேதி புதிய குற்றச்சாட்டுகள் வந்தன.

அவர்மீதே வழக்கு பாயலாம் என்ற எச்சரிக்கைக் கடிதம் ஜூனில் அவருக்கு வந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயமும் வேலை செய்திருக்கும். தான் முறை தவறவில்லை என்பதே பழைய வக்கீலின் நிலை. 2024 ஜூலை 15ஆம் தேதி, வழக்கை அரசுக்காக நடத்திய சிறப்பு வழக்கறிஞரின் நியமனமே செல்லாது என்று நீதிபதி அய்லீன் கேனன் வழக்கைத் தள்ளுபடி செய்ததால், எந்த ஜூரியும் இதைக் கேட்டு முடிவு சொல்லவில்லை. அதனால் யார் குற்றவாளி என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. அந்த மனிதர் நான்கு மாதம் என்ன நிலையில் இருந்தார் என்பதுதான் என் கவலை. ஃபெடரல் கிராண்ட் ஜூரி அறைக்குள் சாட்சியின் வக்கீல் வர முடியாது. வெளியே தாழ்வாரத்தில்தான் காத்திருப்பார். உள்ளே போகிற சாட்சிக்கு, அதற்கு முன் வக்கீல் சொன்ன வார்த்தைகள் மட்டும்தான் துணை. அந்த வார்த்தைகளைச் சொன்னவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது சின்ன விஷயமா?

கசிடி ஹட்சின்சன் சொன்னதையும் நினைத்துப் பாருங்கள். வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் மார்க் மெடோஸின் உதவியாளராக இருந்தவர், அப்போது வயது 25. 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலை விசாரித்த நாடாளுமன்றக் குழு கூப்பிட்டபோது கையில் பணம் இல்லை. டிரம்ப் தரப்பு ஒரு வக்கீலை ஏற்பாடு செய்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, இப்போதைக்கு அதைச் சொல்வதில்லை என்று பதில் வந்ததாகவும், 'நினைவில்லை' என்று சொல்வது பொய்யாகாது என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் பிறகு அவர் சாட்சி சொன்னார். அந்த வக்கீல் இதை மறுத்தார். விசாரணையின்போது டிரம்பே தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருந்தது என்றும் ஹட்சின்சன் சொன்னார். கட்டணம் வாங்காத வேறு வக்கீல்களிடம் மாறிய பிறகு, 2022 ஜூன் 28ஆம் தேதி நாடே பார்க்க அவர் பேசினார்.

இனி என் கதை. பல வருடங்களுக்கு முன்னால், வேறொரு நிறுவனத்தில், தணிக்கை நெருங்கிய நேரத்தில் பழைய மின்னஞ்சல்களைத் 'துடைத்துவிடு' என்று மேலாளர் என்னிடம் சொன்னார். எனக்கு அந்த அனுமதி இல்லை என்றேன். உண்மையில் எனக்கு அனுமதி இருந்தது. இந்தத் தொழிலில் 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாதவர்கள் சொல்லும் பதில் அது. பிறகு நிறுவனத்தின் வக்கீல் வந்தார். "நான் நிறுவனத்துக்குத்தான் வக்கீல், உங்களுக்கு இல்லை" என்று முறைப்படி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. எச்1பி விசாவில் இருந்தேன். வேலை போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவன் வேறு. மேலாளர் கேட்டதை நான் அந்த வக்கீலிடம் சொல்லவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, பொய் சொல்லவும் சொல்லவில்லை. ஆனாலும் வாய் வரவில்லை.

அதனால்தான், "கட்சிக்காரர் (அதாவது வக்கீல் யாருக்காக ஆஜராகிறாரோ அவர்) சம்மதித்தால் போதும்" என்று நிற்கும் உங்கள் மாதிரி விதி 1.8(எஃப்) எனக்குப் போதவில்லை. மூன்றாம் ஆள் கட்டணம் கொடுக்கலாம், ஆனால் கட்சிக்காரர் விவரம் தெரிந்து சம்மதிக்க வேண்டும், வக்கீலின் சுதந்திரத்தில் தலையிடக் கூடாது, ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது அது. நல்ல விதிதான். ஆனால் அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்குபவர் யார்? அந்தப் பணத்தை வாங்கும் அதே வக்கீல்.

இந்த ஆபத்து உங்களுக்குப் புதிதும் இல்லை. 1981இல் உட் எதிர் ஜார்ஜியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. ஆபாசப் படத் திரையரங்கு, புத்தகக் கடை ஊழியர்கள், முதலாளி அமர்த்திய வக்கீல், முதலாளி கட்டாமல் விட்ட அபராதம், கடைசியில் சிறைக்குப் போகும் நிலையில் ஊழியர்கள். முதலாளியின் நலனுக்காக அவர்கள் பலியாக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தால்தான் வழக்கு திரும்ப அனுப்பப்பட்டது.

முதலாளி பணம் கொடுப்பதையே தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் என்னைப் போன்றவர்களுக்கு வக்கீலே கிடைக்க மாட்டார். வக்கீலை மாற்றினாலே உண்மை வந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். டிரம்பின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மைக்கேல் ஃபிளின் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்போடு ஒத்துழைத்தார், 2019 ஜூனில் வக்கீலை மாற்றினார், பிறகு ஒப்புதலையே திரும்பப் பெற மனு போட்டார். எந்தத் திசையில் போவது என்பது சாட்சியின் முடிவு. அது அவருடைய முடிவாகவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கேட்பது இது. விசாரணையில் இருப்பவரோ அவருடைய நிதிக்குழுவோ சாட்சியின் வக்கீலுக்குப் பணம் கொடுத்தால், கொடுப்பவர் பெயர் எழுத்தில் சாட்சியின் கைக்கு வர வேண்டும். முதல் சாட்சியத்துக்கு முன்னால், அந்தப் பணத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு வக்கீலோடு அவர் தனியாக ஒரு மணி நேரமாவது பேசியிருக்க வேண்டும். அதன் பிறகு கொடுக்கும் சம்மதம் மட்டுமே செல்ல வேண்டும். அப்புறம், வக்கீலை மாற்றினால் பணம் நின்றுவிடும் என்ற பயம் இருக்கக் கூடாது. தொகையை முன்கூட்டியே பொதுவான ஓர் இடத்தில் கட்டிவைத்து, சாட்சி யாரைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவருக்கு அது போகட்டும்.

மாதிரி விதியை நீங்கள் மாற்றினாலும் ஒவ்வொரு மாநில நீதிமன்றமும் தனித்தனியாக ஏற்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை, 1.8(எஃப்) விதிக்கான உங்கள் விளக்கக் குறிப்பில் அந்த ஒரு மணி நேரத்தையாவது பரிந்துரையாகச் சேர்க்க முடியுமா? பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வந்ததும் தமிழில் மொழிபெயர்த்து எங்கள் ஆட்களிடம் சேர்ப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சர்வர் நிர்வாகி