கென்சிங்டன் மேட்டுக்குப் போகிற மகளுக்கு

அன்பு மகள் கவிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. போனில் பேச ஆரம்பித்தால் நீ மீட்டிங் இருக்கும்மா என்கிறாய், சாப்பிட்டியா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் கட்டாகிவிடுகிறது, வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலுக்கு மேல் எதுவும் வருவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுவோம் என்று எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படி.

தட்டை வீசிச் சங்கிலிக் கூடையில் விழவைக்கிற உன் டிஸ்க் கோல்ஃப் விளையாட்டுக்காகக் கென்சிங்டன் பூங்காவில் டொபோகன் கோர்ஸுக்கு மறுபடி கூடைகள் வந்துவிட்டன என்று உன் ஸ்கோர் கார்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். போன கோடையில் நாங்கள் வந்திருந்தபோது மாப்பிள்ளைதான் என் போனில் யூடிஸ்க் என்கிற ஸ்கோர் ஆப்பைப் போட்டுக் கொடுத்து, அத்தை, இனிமேல் நாங்கள் எங்கே எப்படி ஆடினாலும் திருச்சியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேஸ் பென்டன், ஹட்சன் மில்ஸ், இப்போது டொபோகன். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது.

கடைசியாக வந்த கார்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். முதல் ஒன்பது ஹோலில், அதாவது ஒன்பது கூடையில், பாரைவிட, கோர்ஸுக்கு வைத்த கணக்கைவிட, இரண்டு வீச்சுதான் கூட. அந்த மேட்டில் அது சாதாரணமா? பிரமாதம். அப்பாவிடம் காட்டினேன், ஸ்கூலில் என்னோடு வேலை பார்த்த ரமணி டீச்சருக்கும் அனுப்பினேன். ஆனால் பின் ஒன்பதில் பதினொன்று கூட. பதினோராவது ஹோலில் எட்டு. எட்டு எப்படி வந்தது என்று எனக்கு நீ சொல்லவே வேண்டாம், கூடைக்கு மேல் பக்கத்தில் நின்று அந்தப் பட், கிட்டத்திலிருந்து கூடைக்குள் போடுகிற வீச்சு, போட்டிருப்பாய், தப்பியிருக்கும், உருண்டிருக்கும், கோபத்தில் திரும்பவும் போட்டிருப்பாய்.

போன வருஷம் நான் கண்ணால் பார்த்தேனே. குளிர்காலத்தில் பிள்ளைகள் சறுக்கு வண்டியில் இறங்குகிற மேடு அது, கோடையில் அதன் மேல்தான் உங்கள் விளையாட்டு, ஒதுங்க மர நிழல்கூடப் பெரிதாகக் கிடையாது, வெட்டவெளி. நீ மேலே நின்று போட்ட தட்டு கூடையின் விளிம்பில் பட்டு, சங்கிலி ஒருமுறை சலசலத்து, கீழே விழுந்து படுக்கும் என்று நான் நினைத்தால் விழவில்லை. தரையில் தன் விளிம்பிலேயே நிமிர்ந்து நின்றது. ஒரு நொடி அப்படியே நின்று, அப்புறம் மெதுவாக உருள ஆரம்பித்து, நம் தெருவில் பையன்கள் குச்சியால் தட்டி ஓட்டுகிற சைக்கிள் டயர் மாதிரி வேகம் எடுத்துக்கொண்டு சரிவு முழுக்க ஓடியது. நெற்றியில் சிவப்பு வைத்த அந்தப் பெரிய கொக்குகள் இரண்டு புல்லில் மேய்ந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு நடுவே புகுந்து போனது, அவை கொஞ்சம்கூட அசையவில்லை. மாப்பிள்ளை பையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார். ஓடிப் பயனில்லை, நின்ற இடத்திலிருந்துதான் ஆட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் ஓடினார். நீ சிரித்துக்கொண்டே நின்றாய். நீ அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் கேள். சரிவில் இருக்கும் கூடைக்கு எப்போதும் கீழ்ப்பக்கமாகத் தட்டை விட்டுவை. இன்னும் ஐந்து அடி தூரமாக இருந்தாலும் பரவாயில்லை. கீழிருந்து மேலே போடுகிற பட் தப்பினால் கூடைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். மேலிருந்து போடுவது தப்பினால் மிதந்து தாண்டிப்போய் இன்னொரு பட் போட வைக்கும், சமயத்தில் இரண்டு. கூடைக்குப் பத்து மீட்டருக்குள் நின்று போட்ட பிறகு நிலைக்கு வந்து நின்று காட்டிவிட்டுத்தான் அடி எடுத்து வைக்க வேண்டும் என்பது உன் விதி. ஸ்கூலில் டிஸ்கஸ் எறிந்தபோது தட்டு தரையில் விழுகிற வரைக்கும் வட்டத்துக்குள் நின்று, பிறகு பின்பாதி வழியாக வெளியே வரப் பழகிய கால் உனக்கு. அந்தக் கட்டுப்பாட்டை நான்தான் அண்ணா ஸ்டேடியத்தில் வெயிலில் நிறுத்திப் பழக்கினேன், அது எங்கே போய்விடும்?

டிஸ்கஸை நீ பத்தாம் வகுப்போடு விட்டது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மண்டல அளவில் இரண்டாவதாக வந்த பெண், டியூஷன் என்று சொல்லி விட்டுவிட்டாய். 2010-இல் டெல்லி காமன்வெல்த்தில் கிருஷ்ணா பூனியா தங்கம், ஹர்வந்த் கவுர் வெள்ளி, சீமா அன்டில் வெண்கலம், மூன்றையும் நம் பெண்களே வாங்கியபோது டிவி முன்னால் நான் அழுதது அதற்காகவும்தான். சரி, அது போகட்டும். இருபது வருஷம் கழித்து வேறு ஒரு தட்டை எடுத்து மிச்சிகன் மேட்டில் வீசுகிறாய் என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன்னிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் காற்று விஷயத்தில் நான் ஸ்டேடியத்தில் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடு. டிஸ்கஸுக்கு எதிர்க்காற்று நல்லது, தட்டை ஏந்திக்கொண்டு போகும். 2024 ஏப்ரலில் அந்த லித்துவேனியப் பையன் மிகோலாஸ் அலெக்னா, ஒக்லஹோமாவில் ரமோனா என்கிற சின்ன ஊரில் 74.35 மீட்டர் எறிந்து, 1986-இலிருந்து அசையாமல் கிடந்த யூர்கன் ஷூல்ட்டின் 74.08-ஐ உடைத்தானே, காற்று வாகாக அடிக்கிற திடல் என்பதால்தான் அங்கே போகிறார்கள். 2025-இல் அதே இடத்தில் 75.56. உன் தட்டு அப்படி இல்லை. பெண்கள் டிஸ்கஸ் ஒரு கிலோ, உன் கையில் இருப்பது 175 கிராம். எதிர்க்காற்றில் வேகமாக வீசினால் தட்டு தூக்கி, வலது பக்கம் கவிழ்ந்து, எங்கேயோ போய் விழும். பின்காற்றில் மிதக்காமல் சீக்கிரமே இறங்கி இடது பக்கம் இழுத்துக்கொள்ளும். ஏரிப் பக்கமிருந்து காற்று முகத்தில் அடித்தால் பலத்தைக் கூட்டாதே, குறை. எளிதில் கவிழாத தட்டாக எடு, தாழ்வாக விடு. நீ எதிர்க்காற்றைக் கண்டால் இன்னும் பலமாக வீசுகிறாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம். யாராவது எதிர்த்து நின்றால் நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாய். வீட்டில் அப்பாவிடமும் அப்படித்தான். சில சமயம் கையைத் தளர்த்தினால்தான் நேராகப் போகும் கண்ணு.

மேட்டில் ஏறி நின்றவுடனே வீசாதே. மூச்சு அடங்கட்டும். இதை முக்கியமாக எழுத நினைத்தேன். மூன்று கிலோமீட்டர் கோர்ஸ் என்பார்கள், ஏறி இறங்கி, தட்டைத் தேடி நடப்பதைச் சேர்த்தால் அதற்கு மேலேயே வரும். உன் பின் ஒன்பது கெட்டதற்குக் கையோ குறியோ காரணம் இல்லை, தொடை ஓய்ந்துபோனதுதான் காரணம். கால் ஓய்ந்தால் இடுப்பு திரும்பாது, இடுப்பு திரும்பாவிட்டால் தோளால் இழுப்பாய், தோளால் இழுத்தால் தட்டின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, மேலே தூக்கும். அதுவும் மேட்டை நோக்கி வீசும்போது மூக்கு தூக்கினால் பாதி வழியில் நின்று பின்னால் சரிந்து விழும். கையை மட்டும் உயர்த்தாமல் உடம்பு மொத்தத்தையும் மேட்டின் சாய்வுக்குச் சாய்த்துக்கொள். ஓர் அடி ஏற்றத்துக்கு மூன்று அடி தூரம் கூட்டிக் கணக்குப் போட வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்வாரே, அவர்தானே உனக்கு ஒவ்வொரு ஹோலிலும் தூரம் பார்த்துச் சொல்வார்.

அவர்தான் எனக்கு அந்த ஹெட்ரிக் கதையையும் சொன்னார். சங்கிலி வைத்த கூடையைக் கண்டுபிடித்த எட் ஹெட்ரிக் 2002-இல் இறந்தபோது, அவருடைய அஸ்தியை அவர் விருப்பப்படியே தட்டுகளில் கலந்து வார்த்தார்கள் என்று. முதலில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், ஒரு மனிதன் தான் உண்டாக்கிய விளையாட்டின் மேல் அவ்வளவு ஆசை வைத்திருக்கிறான், அதில் என்ன தப்பு. இதையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து சொல்கிற மாப்பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும். அன்றைக்கு வெயிலில் எனக்காக மடக்கு ஸ்டூலை ஒவ்வொரு ஹோலுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

கவி, இப்போது வருகிற கார்டுகளில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு வரி இருக்கும். மேலே நீ, கீழே அவர். கேஸ் பென்டனில் ஆடியபோதே ஒரு வரிதான். அவருக்கு வேலை அதிகம் என்று நானே நினைத்துக்கொண்டேன். கார் கம்பெனிகளில் எப்போதும் ஏதாவது நெருக்கடி என்று அப்பாவும் சொன்னார். டொபோகன் கார்டில் காலை 6.50-க்கு ஆரம்பித்து 8.40-க்கு முடித்திருக்கிறாய். போன வருஷம் நீங்கள் இரண்டு பேரும் ஆடி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது, நான் கூட நடந்ததால் இன்னும் கொஞ்சம். அந்த மேட்டில் பதினெட்டு ஹோலை இவ்வளவு வேகமாக முடிக்கிறவள் வழியில் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது.

தனியாக அங்கே போகாதே. இதை அம்மாவின் பயம் என்று தள்ளிவிடாதே. சரிவில் காலைப் புரட்டிக்கொண்டால் யார் பார்ப்பார்கள்? ஜூலை மாதத்தில் உங்கள் ஊரில் திடீரென்று இடி மின்னல் வரும், வெட்டவெளி, நடுவில் இரும்புக் கூடை. முதல் இடி கேட்டவுடனே ஸ்கோரைப் பார்க்காமல் இறங்கிக் காருக்குள் போய்விடு. புல்லில் உண்ணி இருக்கும், காலுறைக்குள் பேண்ட்டை விட்டுக்கொள், வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் பார். எட்டாத இடத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெண்கள் சேர்ந்து ஆடுகிற குழு இருக்கிறது என்று சொன்னாயே, அவர்களோடு போ. போட்டிக்கும் அவர்களோடு பழகிவிட்டுப் போனால் நல்லது. மோர் கொண்டு போ, இல்லையென்றால் எலுமிச்சையும் உப்பும். ஒன்பதாவது முடிந்ததும் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடு. மேட்டில் ஏறியவுடனே வீசாதே, மூச்சு அடங்கட்டும்.

ரமணி டீச்சர் பெண்ணுக்கு ஐப்பசியில் கல்யாணம். உன்னையும் மாப்பிள்ளையையும் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பத்திரிகை வரும், வைத்துக்கொள்.

நீ நல்ல பெண். அதை யாரிடமும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. உன் மேல் தப்பு, அவர் மேல் தப்பு என்று பஞ்சாயத்து பேச நான் இதை எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அம்மாவுக்குத் தாங்கும். சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது, ஊரில் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் உன் கவலை இல்லை, அது எங்கள் வேலை, நாங்கள் பார்த்துக்கொள்வோம். என்னுடைய விசா இன்னும் பல வருஷம் இருக்கிறது. அப்பா தனியாக இருந்துகொள்வார், அத்தை பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறாள். நீ வா என்று ஒரு வார்த்தை சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவேன். வந்தால் உன்னோடு மேட்டில் நடப்பேன், கார்டு குறிப்பேன், ஒன்றும் கேட்க மாட்டேன்.

ஒரு பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய், பருப்புப் பொடி, உனக்கு முழங்காலுக்குக் கட்டுகிற பட்டை. ஆவணியில் மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது, அவருக்கு ஒரு கதர்ச் சட்டையும் எடுத்தேன், நாற்பத்திரண்டு சைஸ், போன தடவை எடுத்தது சரியாக இருந்ததே. கூரியர்காரர் வியாழக்கிழமை வருகிறார். எல்லாவற்றையும் நோவை ஊரில் இருக்கிற உங்கள் வீட்டு விலாசத்துக்கே ஒன்றாக அனுப்பலாமா, இல்லை சட்டையைத் தனியாக வேறு விலாசத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று மட்டும் அதற்குள் எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா