மண் இல்லாத தோட்டத்துக்கு முதல் பரிசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பேத்தி யு.கே.ஜி. படிக்கிறாள். போன மாதம் பள்ளியிலிருந்து ஒரு குறிப்பு வந்தது: வீட்டில் வீணாகும் பொருள்களைக் கொண்டு சிறு தோட்டம் செய்து திங்கள்கிழமை கொண்டுவர வேண்டுமாம். நல்ல காரியம் என்று நானும் மகிழ்ந்தேன். ஞாயிறு மாலை என் மகன் காரைக்குடிக்குப் போய்ச் செயற்கைப் புல்விரிப்பு, பிளாஸ்டிக் பூ, ஜிகினாத் தூள், பசை எல்லாம் வாங்கிவந்தான். 280 ரூபாய். காலி பாட்டில் ஒன்று தேவைப்பட்டதால் புதுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு லிட்டரையும் வாசலில் ஊற்றினான். மகனும் மருமகளும் இரவு பதினொரு மணி வரை ஒட்டினார்கள். பிள்ளை ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டது. முதல் பரிசும் கிடைத்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு பிடி மண் கிடையாது. “இதற்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது அப்பத்தா?” என்று பேத்தி கேட்டாள், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

29 ஆண்டுகள் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைக் காசு செலவில்லாமல் செய்திருக்கிறோம். தேங்காயை உடைத்தால் ஒரு மூடியில் கண் இருக்கும், மற்றதில் இருக்காது. துருவியபின் கண் உள்ள சிரட்டையை எடுத்துவைப்பேன். மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெத்தென்றிருக்கும். முளை வெளியே வருவதற்குத் தேங்காய் தனக்கென்று வைத்திருக்கும் வாசல் அது. பிள்ளையே ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடும். தண்ணீர் வடிய வேறு ஓட்டை போட வேண்டாம். உள்ளே கொஞ்சம் தேங்காய் நார், அதன்மேல் மண். எங்கள் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் செங்கல்தான். பாதிக்குப் பாதி மக்கிய சாணம் கலந்தால்தான் விதை மூச்சுவிடும்.

அந்த ஓட்டையை லேசாக நினைக்க வேண்டாம். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். கொல்லையில் மல்லாந்து கிடக்கும் சிரட்டை அதற்குப் போதும். பல வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊர்கள் எங்களுடையவை; யார் போய்க் கவிழ்த்து வைப்பது? அடியில் தட்டு வைத்தாலும் அதே கதைதான். முற்றத்துக் கல்லில் நேராக வைத்தால் போதும்.

விதை அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. வெந்தயம் மூன்று நாளில் தலைகாட்டும். கொத்தமல்லியை இரண்டாகப் பிளந்து போட்டாலும் பத்து நாள் ஆகும். அதற்குள் பிள்ளை மண்ணைக் கிளறிப் பார்த்துவிடும். பார்க்கட்டும்.

ஒரு முறை இரண்டு சிரட்டைகளில் வெந்தயம் போட்டு, ஒன்றை வெயிலிலும் மற்றதைச் சாமான் அறை இருட்டிலும் வைத்தோம். ஐந்தாறு நாளில் இருட்டில் இருந்தது மஞ்சளாக வெளிறி, நெட்டையாக நின்றது. “இது மாரியம்மனுக்கு” என்றான் நான்கு வயதுப் பையன். முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வளர்ப்பதை வீட்டில் பார்த்திருக்கிறான். அவனுக்கு மேற்கொண்டு நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

உங்கள் பத்திரிகைக்கும் இதில் பங்கு உண்டு. தாளை நீளப் பட்டையாக மடித்து டம்ளரைச் சுற்றி உருட்டி, அடிப்பக்கத்தை உள்ளே மடக்கிவிட்டு டம்ளரை உருவினால் ஒரு குவளை. வெண்டைக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. நாற்றைக் குவளையோடு நட்டுவிடலாம், தாள் மக்கிப்போகும். பினாயில், பூச்சிமருந்து பாட்டில்களை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. பாட்டிலை வெட்டுவதும் பெரியவர்கள் வேலை.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் கண்காட்சி வேண்டாம். வெறும் சிரட்டையையும் ஒரு பிடி வெந்தயத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வகுப்பிலேயே விதைக்கட்டும், மூன்று வாரம் ஜன்னலோரம் இருக்கட்டும். ஜிகினாவைப் பார்க்காமல், தினமும் தண்ணீர் ஊற்றிய பிள்ளையைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். முளைக்காத சிரட்டைக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.